பெட்டிக்குள் போன தொப்பிக்காரி

காமிக்ஸ் புத்தகத்தின் பின்னைக் கழற்றித் தாள்களைத் தனித்தனியாகப் பிரித்தால், முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே தாளில் இருக்கும். அடுத்த தாளில் கதையின் தொடக்கமும், முடிவுக்குச் சற்று முந்தைய பகுதியும் இருக்கும். நடுத்தாள் ஒன்றில் மட்டும்தான் கதை தொடர்ச்சியாக ஓடும். அச்சகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. நான் இதைத் தெரிந்துகொண்டது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில்.

எண்பதுகளில் எங்கள் பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலைகளோடு ஷூ கம்பெனிகளும் வரத் தொடங்கியிருந்தன. பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்களைத் தேடித் தேடி வேலைக்குச் சேர்த்தார்கள். முழு ஷூ இங்கே தயாராகாது. காலின் மேல்பக்கத்தை மூடும் தோல் பகுதியை மட்டும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அதற்குப் பெயர் அப்பர். அடிப்பாகத்தை அங்கே ஒட்டிக்கொள்வார்கள். ஒருத்தி தோலின் ஓரத்தைச் சீவுவாள், அடுத்தவள் சொல்யூஷன் பசை தடவி ஓரத்தை மடித்துத் தட்டுவாள், அடுத்தவள் தைப்பாள், அதற்கடுத்தவள் நூல் பிசிறு வெட்டுவாள். கடைசியில் பேக்கிங் டேபிள். இந்த வரிசைக்குத்தான் லைன் என்று பெயர். அப்பர்கள் ஒரு பிளாஸ்டிக் ட்ரேயில் ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் போகும்.

நான் தையல் மிஷினில் இருந்தேன். என்னை யாரும் பேச வைக்க முடியாது. சூப்பர்வைசர் ஏதாவது கேட்டால் "சார்" என்ற சொல்லே தொண்டையில் நின்றுவிடும். பக்கத்தில் மடிப்பு வேலை செய்த அக்கா முதல் வாரமே லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "இவ வாயில யாரோ ஏற்கெனவே ஒரு தையல் போட்டுட்டாங்கடி. பிரிச்சா பீஸ் வீணாப்பூடும், வுட்டுடுங்க."

எனக்கு ஒரே ஒரு பழக்கம் இருந்தது. மாதம் ஒருமுறை பஸ் ஸ்டாண்ட் புத்தகக் கடையில் ஒரு காமிக்ஸ் வாங்குவேன். கடைக்காரர் ஒவ்வொரு முறையும் "தம்பிக்கா?" என்பார். எனக்குத் தம்பி இல்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டு நடப்பேன்.

அந்தக் காமிக்ஸின் நாயகி மேடையில் மாஜிக் செய்கிறவள். எங்கோ வெளிநாட்டு நகரம். உயரமான கறுப்புத் தொப்பி, முழங்கால் வரை கோட்டு, கையில் சின்னக் கோல். மேடையில் அவள் செய்வதெல்லாம் வெறும் வித்தைதான். ஆனால் கொள்ளைக்காரர்களோ கொலைகாரர்களோ வந்துவிட்டால் அந்த வித்தை நிஜமாகிவிடும். துணி போட்டு மூடினால் ஆள் உண்மையிலேயே காணாமல் போவான். இதில் ஒரு நிபந்தனை உண்டு. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்தான் அவளுக்கு அந்தச் சக்தி வரும். பார்க்க ஆள் இல்லையென்றால் அவள் வெறும் மனுஷி. அதனால் எதிரிகள் எப்போதும் முதலில் விளக்கைத்தான் அணைப்பார்கள்.

நாலு பேர் பார்த்தாலே சுருங்கிப்போகிறவள் நான். கூட்டம் பார்க்கப் பார்க்கப் பலம் கூடுகிற ஒருத்தி இருக்கிறாள் என்பதை நினைத்து நினைத்துப் பார்ப்பேன்.

ஒருநாள் மதிய இடைவேளையில் புங்கமரத்தடியில் புத்தகத்தை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். மடிப்பு அக்கா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். நான் மூடப் போனேன். அவர் பிடுங்கிக்கொண்டார்.

"ஏய், இங்க பாருங்கடி. பொம்பள ஒருத்தி ஆம்பளையப் பொட்டியில போட்டு ரம்பத்தால அறுக்கறா!"

எல்லோரும் சாப்பாட்டுக் கையோடு ஓடி வந்தார்கள். மாஜிக்காரிக்கு உதவியாளன் ஒருவன் உண்டு. எல்லாக் கதையிலும் அவன்தான் பெட்டிக்குள் படுப்பான்.

"அறுத்தப்புறம் ஒட்டுவாளா?"

"ஒட்டிடுவாக்கா" என்றேன். அன்று நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அய்யே, அப்ப எனக்கு வேணாம். எங்க வூட்டுக்காரருக்கு ஒரு பொட்டி சொல்லலாம்னு பார்த்தேன்."

அன்றிலிருந்து அந்தப் புத்தகம் எனக்கு மட்டும் சொந்தமில்லை. எல்லோரும் அவளைத் தொப்பிக்காரி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். மதிய இடைவேளை சாப்பிடவே போதாது. அதனால் மடிப்பு அக்காதான் வழி கண்டுபிடித்தார். பின்னைக் கழற்றித் தாள்களைப் பிரித்துவிடுவது. ட்ரேயில் அப்பர்களுக்கு அடியில் ஒரு தாள் போகும். ஒருத்தி தன் வேலையை முடித்துக்கொண்டே ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு ட்ரேயைத் தள்ளுவாள். அடுத்த ட்ரேயில் அடுத்த தாள் வரும். ஓரம் சீவுகிறவளுக்கு முதலிலேயே கதையின் முடிவு தெரிந்துவிடும், நடுவில் நடந்தது தெரியாது. தைக்கிற எனக்கு வில்லன் செத்தது தெரியும், அவன் யார் என்பது தெரியாது. மதியம் மரத்தடியில் அவரவர் பார்த்ததைச் சொல்லிக் கோத்துக்கொள்வோம். எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வாங்கி வருகிறவள் என்பதற்காக நான் வீட்டில் முன்கூட்டியே படித்துவிடக் கூடாது. நானும் படிக்கவில்லை. அவர்களோடு சேர்ந்து குழம்புவதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

புத்தகம் மட்டமான தாளில் வெறும் கறுப்பு மையில் அச்சாகியிருக்கும். தொப்பிக்காரியின் கோட்டில் ஆங்காங்கே வெள்ளைக் கோடுகள் இருக்கும். இப்போது யோசித்தால் அது வெல்வெட்டோ பட்டோ ஆக இருக்கலாம். எங்கள் லைனில் யாருக்கும் அந்தச் சந்தேகமே வந்ததில்லை.

"தோல் கோட்டுதான். பளபளப்பு பாரு. மிஷின்ல போட்டு நல்லாத் தேச்ச ஆட்டுத்தோலு."

"ஆட்டுத்தோல்னா கை மடக்குற எடத்துல இன்னும் சுருக்கம் வுழும்டி. இது கன்னுக்குட்டி."

"முதுகுல ஜாயின்டே இல்லியே. அம்மாம் பெரிய தோலு எந்த ஆட்டுக்கு இருக்குது?"

"வரைஞ்சவனுக்குத் தையல் தெரில. வுடு."

இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டில் வந்த மூலப் படத்தில் தொப்பிக்காரி கோட்டுக்குக் கீழே கால் தெரிகிறமாதிரி உடுத்தியிருக்கிறாள். தமிழில் போட்டவர்கள் அந்தக் கால்களின்மேல் மை தடவிக் கால்சட்டை மாதிரி ஆக்கியிருந்தார்கள். அவசரத்தில் சில படங்களை விட்டுவிடுவார்கள். ஒரு கட்டத்தில் கால்சட்டை, அடுத்த கட்டத்தில் வெறுங்கால். "அதுவும் மாஜிக்தான்" என்று சிரிப்போம்.

பேக்கிங் டேபிளில் இருந்தவரை நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுவோம். வயதில் எங்கள் எல்லோரையும்விட மூத்தவர். படிக்கத் தெரியாது. படத்தை மட்டும் பார்ப்பார். பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். "இவன் வாய் பக்கத்துல இம்மாம் எழுதியிருக்குதே, இன்னா சொல்றான்?" நான் அவர் காதருகே குனிந்து சொல்வேன். அவருக்குச் சொல்லும்போது மட்டும் என் குரல் நிற்காது.

தாள்கள் பேக்கிங் டேபிளுக்கு முன்னாலேயே ட்ரேயிலிருந்து எடுக்கப்பட்டுவிட வேண்டும். பெரியம்மாவுக்குத் தனியாக மதியம் காட்டுவோம். ஒருநாள் மாலை லாரி வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தது. சூப்பர்வைசர் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்திக்கொண்டிருந்தார். அப்பர்கள் ஒன்றோடொன்று உரசிச் சாயம் ஒட்டாமல் இருக்க நடுவில் தாள் வைத்து அடுக்குவது வழக்கம். எங்கள் தாள் எந்த ட்ரேயில் தங்கியது, யார் எடுக்க மறந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அது இரண்டு அப்பர்களுக்கு நடுவில் அடங்கி அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது.

கடல் தாண்டியிருந்தால் ஒன்றுமில்லை. சரக்கு வாங்குகிற கம்பெனியின் ஆள் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். கப்பலுக்கு அனுப்பும் முன் சில பெட்டிகளைப் பிரித்துப் பார்ப்பார். அவர் பிரித்த பெட்டியில் தொப்பிக்காரி படுத்திருந்தாள். அதுவும் மை தடவ மறந்த பக்கம்.

வெள்ளைக்காரர் சிரித்தாராம். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம். ஆபீஸில் டீ கொண்டுபோனவர் சொன்னது இது. மேனேஜர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை மிஷின்களை நிறுத்தச் சொல்லி எங்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். மேனேஜர் வந்தார். அவர் எங்கள் ஷெட்டுக்குள் வருவதே அபூர்வம்.

"வெளிநாட்டு பார்ட்டி முன்னாடி என் மானம் போச்சு. ஷூ பெட்டியில அசிங்கமான படம். யார் வெச்சது?"



சூப்பர்வைசர் பெரியம்மாவைப் பார்த்தார். "அந்தப் பொட்டிய நீதான கட்டுன?"

"நான்தான் சார் கட்டினேன்."

"அந்தப் பேப்பர் எங்கேர்ந்து வந்துச்சு?"

"தெர்ல சார். தாள் வெக்கச் சொன்னீங்க, வெச்சேன்."

"படம் போட்ட தாள்னு கண்ணு தெரில?"

பெரியம்மா தலை குனிந்தார். அந்தத் தாள் யாருடையது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். என்னை நோக்கி ஒரு பார்வைகூடத் திருப்பவில்லை.

மேனேஜர் சூப்பர்வைசரிடம் சொன்னார். "கணக்கு முடிச்சு அனுப்பிடு. நாளையிலிருந்து வர வேண்டாம்."

மடிப்பு அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். "வாயத் தொறக்காத" என்று உதட்டை அசைக்காமல் சொன்னார். "ரெண்டு நாள்ல கோவம் தணிஞ்சுடும். அப்பறம் போய்ப் பேசிக்கலாம்." அவர் எனக்கு நல்லதைத்தான் சொன்னார். ஆனால் ரெண்டு நாளில் கோபம் தணிந்து யாரையும் திரும்பக் கூப்பிட்டதை நான் பார்த்ததில்லை. பெரியம்மா குனிந்து டேபிளுக்கடியிலிருந்து தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துவிட்டார்.

"அது என் புக்கு சார்."

யாரோ சொன்னமாதிரிதான் எனக்கே கேட்டது. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மிஷின்கள் நின்றிருந்ததால் என் குரல் ஷெட்டின் அடுத்த மூலைவரை போயிற்று.

"பெரியம்மாக்குப் படிக்கத் தெரியாது. நான் கொண்டாந்தேன். அவங்கள அனுப்பாதீங்க."

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். "இந்தப் பொண்ணு பேசுமா?" என்று சூப்பர்வைசரைக் கேட்டார்.

"இதுவரைக்கும் பேசுனதில்ல சார்."

"நீ எத்தனாவது படிச்சிருக்க?"

"பத்தாவது சார்."

"பத்தாவது படிச்சுட்டு இந்த மாதிரி அசிங்கத்தை எல்லாம் கம்பெனிக்குள்ள கொண்டுவர்றியே. சரி, உண்மையச் சொன்னதால விட்டுடறேன். இனிமே இந்த மாதிரி அசிங்கமான புக்கு தொடமாட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லு. சொல்லிட்டு மிஷின்ல உக்காரு."

சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். தொப்பிக்காரிக்கு எல்லோரும் பார்த்தால் பலம் வரும் என்று எழுதியிருப்பார்களே, அப்படி ஒன்றும் எனக்கு வரவில்லை. ஆனால் மேனேஜர் சொன்ன 'அசிங்கம்' என்ற சொல் எனக்குள் இறங்க மறுத்தது. நாங்கள் ஒரு பெண்ணின் கோட்டு ஆடா கன்றா என்று மாதக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். அவள் எப்படித் தப்பித்தாள் என்று மரத்தடியில் தாளைத் தாளாய்க் கோத்திருக்கிறோம். அவர் ஒரே ஒரு பக்கத்தை, அதுவும் வெள்ளைக்காரர் கையில் இருக்கும்போது, எட்ட நின்று பார்த்தவர்.

"அசிங்கம் இல்ல சார்" என்றேன். "அது கதை."

"தொடமாட்டேன்னு சொல்லு."

நான் வாயைத் திறக்கவில்லை. எத்தனையோ முறை பேச வராமல் நின்றிருக்கிறேன். அன்று பேசாமல் நின்றது அப்படியல்ல. அவருக்கும் அது தெரிந்துவிட்டது.

"இவளை மிஷின்லேர்ந்து எடு" என்றார். "பேக்கிங்ல போடு. வாசல்ல எல்லாப் பையையும் செக் பண்ணு. ஒரு துண்டுப் பேப்பர் உள்ள வரக்கூடாது."

தையல் மிஷினில் இருப்பவளுக்கு லைனில் ஒரு மதிப்பு உண்டு. பேக்கிங் என்பது வேலை தெரியாதவர்களுக்கு. எனக்கு அது தண்டனை. ஆனால் பெரியம்மா போகவில்லை. தூக்கை மறுபடியும் டேபிளுக்கடியில் வைத்துவிட்டு, எனக்கு நிற்க இடம் விட்டு நகர்ந்துகொண்டார். "பொட்டி மூலைய மடிச்சு ஒட்டு. கையக் கிழிச்சுக்காத" என்றுமட்டும் சொன்னார்.

மறுநாளிலிருந்து வாசலில் ஒரு பெண் காவலாளி எங்கள் பைகளைக் குடைந்தாள். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தாள். மீதித் தாள்களை நான் வீட்டில் வைத்துவிட்டிருந்தேன். மரத்தடிக்கும் சூப்பர்வைசர் வந்து நின்றார். ஒருத்தி கையிலும் காகிதம் கிடையாது.

அந்த மாதக் கதை பாதியில் நின்றது. பெரியம்மாவால் தாங்க முடியவில்லை. "தண்ணித் தொட்டிக்குள்ள போட்டுப் பூட்டிட்டானுங்களே, வெளிய வந்தாளா இல்லியா?"

அதுதான் சிக்கல். அவள் வெளியே வந்த பக்கம் வெள்ளைக்காரரின் சட்டைப் பையில் இருந்தது. கதையின் ஆரம்பத்தில் பூட்டை யார் செய்தார்கள் என்பதும் அதே தாளில்தான். வீட்டில் இருந்த தாள்களையெல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்தேன். தொட்டிக்குள் போகிறாள். அடுத்த தாளில் போலீஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். நடுவில் ஒன்றுமில்லை.

"தெரில பெரியம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். "வந்துட்டா" என்றேன்.

"எப்பிடி?"

எனக்குத் தெரியாது. பெட்டியில் தாள் வைத்து அப்பரை அடுக்கிக்கொண்டே சொல்லத் தொடங்கினேன். தொட்டிக்கு முன்னாலிருந்த விளக்கை எல்லாம் அணைத்துவிட்டார்கள் என்றேன். பார்க்க யாரும் இல்லை, அதனால் அவளுக்குச் சக்தி இல்லை. மேலே கூரையில் பெயிண்ட் அடிக்க வந்தவள் ஒருத்தி இருந்தாள். அவள் ஏணியிலிருந்து இறங்காமல் மேலிருந்தே பார்த்துவிட்டாள். ஒரே ஒருத்தி பார்த்தாள். போதும்.

"பெயிண்ட் அடிக்கிறவளா?" என்று நூல் பிசிறு வெட்டுகிறவள் அடுத்த மேஜையிலிருந்து கேட்டாள். அவள் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"ஆமா."

"அப்பறம் பூட்டு?"

பூட்டையும் சொன்னேன். நூல் வெட்டுகிறவள் தனக்கு அடுத்தவளிடம் சொன்னாள். அவள் மிஷினில் இருப்பவளிடம். ட்ரே ஒரு பக்கம் போக, கதை எதிர்ப்பக்கமாய்ப் போயிற்று. மடிப்பு அக்காவிடம் போய்ச் சேர்வதற்குள் ஏணிக்காரி கர்ப்பிணியாகியிருந்தாள். யார் சேர்த்தார்கள் என்று தெரியவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சில நாளில் சூப்பர்வைசர் மோப்பம் பிடித்தார். லைன் முழுக்க ஒரே நேரத்தில் சிரித்தால் யாருக்கும் சந்தேகம் வரும். வந்து என் டேபிளைப் பார்த்தார். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். தாள்களை எண்ணினார். எல்லாம் வெள்ளைத் தாள்.

"இன்னாம்மா நடக்குது இங்க?"

"பேக்கிங் சார்."

"பேஜார் பண்ணாத. இன்னா பேசிக்கினு இருந்த?"

நான் பதில் சொல்வதற்கு முன் பெரியம்மா சொன்னார். "பீஸ் கம்மியா இருக்குதா சார்? எண்ணிப் பாருங்க. ஜாஸ்திதான் இருக்கும்."

எண்ணினார். ஜாஸ்திதான் இருந்தது. பிறகு என்னைப் பார்த்து விரலை நீட்டி, "பேசாத" என்றார்.

பிறந்ததிலிருந்து "வாயத் தொறந்து பேசேன்" என்றுதான் எல்லோரும் என்னைத் திட்டியிருக்கிறார்கள். வீட்டில், பள்ளிக்கூடத்தில், சர்ச்சில். பேசாதே என்று ஒரு மனிதர் சொன்னது அன்றுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவில்லை. அவர் போனதும், எங்கே விட்டேனோ அங்கிருந்து பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பி வரும்போது நிறுத்தினேன். போனதும் மறுபடி.

மாதாமாதம் புத்தகம் வாங்கினேன். வீட்டில் படித்தேன். கட்டுப்பாடு இனிமேல் செல்லாது. கம்பெனிக்கு வெறும் பையோடு போனேன். வாசலில் இருந்தவள் பையை உதறி உதறிப் பார்ப்பாள். நான் நின்று காட்டுவேன். கடைக்காரரிடமும் ஒருநாள் சொல்லிவிட்டேன். "தம்பிக்கில்ல, எனக்குத்தான்." அவர் "அப்பிடியா" என்று புத்தகத்தை நீட்டினார், அவ்வளவுதான். அதற்குப் போய் அத்தனை வருஷம் பயந்திருக்கிறேன்.

பேக்கிங்கிலிருந்து என்னை மிஷினுக்கு மாற்ற மேனேஜர் பின்னால் ஒருமுறை ஆள் அனுப்பினார். தையலுக்கு ஆள் குறைந்துவிட்டதாம். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும் என்றார்களாம். நான் போகவில்லை. அது என் புத்தகம். அதில் கேவலமாக ஒன்றும் இல்லை. இன்று என் தலை நரைத்துவிட்டது. இன்று வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

பிறகு ஒரு மாதம் கடையில் புத்தகம் வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. விற்பனை இல்லை, நிறுத்திவிட்டார்கள் என்றார் கடைக்காரர். பொம்பளை ஹீரோ என்றால் பையன்கள் வாங்குவதில்லையாம். எங்கள் லைனை யாரும் கேட்கவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை பெரியம்மா பெட்டியை விரித்து மூலையை மடித்துக்கொண்டே, "வாங்கிட்டியா? இந்த மாசம் இன்னா?" என்றார். நூல் வெட்டுகிறவள் கத்தரியை நிறுத்தாமல் காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பினாள்.

முதல் அப்பரை எடுத்துத் தாளில் வைத்தேன்.

"இந்த மாசம் அவ ஊருக்கே கரன்ட் போயிடுது பெரியம்மா" என்றேன்.